கழனி, வண்டிப்பாதை, பூங்கா: மூன்றையும் காப்பாற்ற கிராம சபை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையை ஒட்டிய உங்கள் ஊரில், ஏரிக்குக் கீழே உள்ள கழனிகள் சாலைப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக மனைகளாகின்றன. ஏரிக்கரைக்கும் கடைசிக் கழனிகளுக்கும் போகும் வண்டிப்பாதையை, புதிதாக நிலம் வாங்கிய ஒருவர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். முன்பு போட்ட மனைப்பிரிவில் ‘பூங்கா’ என்று காட்டிய இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ‘இனி நஞ்சையை மனையாக்கக் கூடாது’ என்று கிராம சபையில் தீர்மானம் போட்டால் செல்லுமா, அமெரிக்காவில் உள்ள உங்கள் அண்ணன் சொல்வதுபோல நிலத்தை நிரந்தர விவசாய நிலமாக எழுதி வைக்க முடியுமா என்பவை நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்விகள். ஊரார் கையில் உண்மையிலேயே என்ன அதிகாரம் இருக்கிறது, அதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதுதான் அவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்வி.

நில ஆவணங்களோடும் ஊராட்சி வேலைகளோடும் பல ஆண்டுகள் பழகியதை வைத்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையிலும் வாய்க்காலிலும் தொடங்குங்கள். பட்டா நிலம் தனியார் சொத்து. அதன் உரிமையாளர் விற்க முடிவெடுத்தால் ஊர் தடுக்க முடியாது. வாய்க்கால் புறம்போக்கும் வண்டிப்பாதைப் புறம்போக்கும் பொதுச் சொத்து; அவற்றைக் காக்க யாருடைய சம்மதமும் வேண்டாம். கழனி விற்பனைக்கு வருவதற்கு ரியல் எஸ்டேட் விலை மட்டும் காரணம் அல்ல. அறுவடை மெஷின் உள்ளே போக வழியில்லாத கழனியும், வாய்க்கால் தூர்ந்து தண்ணீர் ஏறாத கழனியும்தான் முதலில் விலைக்கு வருகின்றன. முன்வரிசைக் கழனியை வாங்கியவர் பாதையை அடைத்தால், பின்வரிசைக்காரர் நாலைந்து போகம் பார்த்துவிட்டு அவரிடமே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். பாதையும் தண்ணீரும் உறுதியானால் பயிர் வைக்க நினைப்பவர் தொடர்ந்து பயிர் வைக்கலாம்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: தனியார் நஞ்சையை மனையாக்கக் கூடாது என்ற கிராம சபைத் தீர்மானம் அந்த உரிமையாளரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் வேலூர் உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா என்பதை முதலில் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே என்றால் முழுமைத் திட்ட வரைபடத்தில் உங்கள் புல எண்கள் என்ன வண்ணத்தில் இருக்கின்றன என்பதே எல்லாம். ‘விவசாயப் பயன்பாடு’ என்று இருந்தால், நில வகைப்பாட்டை மாற்றாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லை. வரைவுத் திட்டம் வெளியாகும்போது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டு மாதத்தைத்தான். எல்லைக்கு வெளியே என்றால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அங்கேயும் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் தேவை.

இங்கே ஒரு நடைமுறை விஷயம். வேளாண் துறையும் வருவாய்த் துறையும் அந்தக் கருத்தை எழுதும்போது பார்க்கும் ஆவணங்களில், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. பதியும் அடங்கல் முக்கியமானது. நெல்லும் கரும்பும் விளைந்த கழனிக்கு அடங்கலில் ‘தரிசு’ என்று பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) தோறும் பதிவாகியிருந்தால், ‘சாகுபடி இல்லாத நிலம்’ என்று கோப்பில் எழுதுவது எளிதாகிவிடும். ஆகவே ஏரிப் பாசனத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஜூலை 1இல் தொடங்கும் புதுப் பசலியிலிருந்து தங்கள் பயிர் சரியாகப் பதிவாகிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு இது. கூடவே, 20.10.2016க்குப் பிறகு உருவான அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. அனுமதி இல்லாமல் கல் நட்டு விற்பனை தொடங்கினால் சார்பதிவாளருக்கும் டிடிசிபிக்கும் புல எண்ணோடு மனு கொடுங்கள். ‘எங்கள் ஊரில் மனை போடுகிறார்கள்’ என்று பொதுவாக எழுதிய மனு எந்த மேசையிலும் நகராது.

அடிக்கடி காதில் விழும் இரண்டு நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கானது. வேலூர் அதில் இல்லை. அந்தச் சட்டமும் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற தொழில்களைத் தடுப்பதற்கே வந்தது, வீட்டுமனைகளைத் தடுப்பதற்கு அல்ல. அடுத்தது, இலவம்பாடி முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான். ஆனால் அது காப்பது அந்தக் காயின் பெயரை, அது விளையும் நிலத்தை அல்ல.

உங்கள் அண்ணன் சொல்வது அமெரிக்காவில் நிஜமாகவே இருக்கும் ஏற்பாடு. விவசாயி நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதில் வீடுகள் கட்டும் உரிமையை மட்டும் உள்ளாட்சிக்கோ ஓர் அறக்கட்டளைக்கோ விற்றுவிடுவார், அல்லது கொடையாகத் தருவார். அதன் பிறகு யார் கைக்கு நிலம் மாறினாலும் அந்தத் தடை நிலத்தோடு போகும். நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி 1970களிலேயே பொதுப்பணத்தில் இப்படி உரிமைகளை வாங்கத் தொடங்கியது. நம் சட்டத்தில் இதற்கு நேரான கருவி கிடையாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு நிலத்தின் மீதான உரிமை வேறொரு நிலத்தின் நன்மைக்காகத்தான் இருக்க முடியும். பக்கத்தில் நிலமே இல்லாத அறக்கட்டளை அந்த உரிமையை வைத்திருக்க முடியாது. பக்கத்துக் கழனிக்காரர்கள் தங்களுக்குள் ‘வாய்க்காலையும் பாதையையும் அடைக்க மாட்டோம்’ என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அதை அறிந்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்த இடம் தருகிறது. பாதைக்கும் தண்ணீருக்கும் இது உறுதியாகப் பயன்படும். ‘என்றைக்கும் மனையாக்க மாட்டோம்’ என்ற வாசகத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்குமா என்பது சந்தேகம்தான். சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை ஆவணம். இ-சேவை இணையதளத்தில் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (ஒவ்வொரு புல எண்ணின் வகை, பரப்பு, உரிமையாளர் பதிவு) கிடைக்கும். ஏரிக்குக் கீழே உள்ள எல்லாப் புல எண்களையும் எடுங்கள்; உங்களுக்குப் பிரச்சினை உள்ள எண்களை மட்டும் எடுத்தால் வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. கிராம வரைபடத்தின் பழைய பிரதியைச் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கேளுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த, யு.டி.ஆர். எனப்படும் நில ஆவணப் புதுப்பிப்புக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு தாலுகா அல்லது மாவட்ட ஆவணக் காப்பறையில் இருக்கும். உங்கள் ஊர் பழைய ஜமீன் ஊர் என்றால் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் வந்த பதிவேட்டைக் கேட்கவேண்டும். இந்த இரண்டு காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், யு.டி.ஆரில் வாய்க்காலோ பாதையோ தவறுதலாகப் பட்டாவில் கலந்துவிட்டதா என்று தெரியும். அப்படிக் கலந்திருந்தால் திருத்த மனு மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) வரை போகும்; நாள் பிடிக்கும்.

பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி; ஒரு லிங்க் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ‘20’ என்று எழுதியிருக்கும் பாதை 20 அடிப் பாதை அல்ல, 13 அடிக்குச் சற்று மேல், அதாவது 4 மீட்டர். இதைக் கவனிக்காமல் ‘எங்கள் பாதை 20 அடி’ என்று மனுவில் எழுதிவிட்டு, சர்வேயர் சங்கிலி பிடித்த அன்று ஊரே பொய் சொன்னதுபோல ஆகிவிடும். எதிர்த்தரப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

புலப்படத்தைப் பார்த்தால் உங்கள் வண்டிப்பாதை மூன்று வகைகளில் ஒன்றில் விழும். எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் வழி. பாதைக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று இருந்தால் அது புறம்போக்கு. கேள்விக்கே இடமில்லை, வேலி போட்டவர் ஆக்கிரமிப்பாளர். இரண்டாவது வகையில் தனி எண் இருக்காது. பட்டா நிலத்துக்குள் இரட்டைப் புள்ளிக்கோடாகப் பாதை காட்டியிருக்கும். நிலம் அவருடையது, ஆனால் அளந்த காலத்திலேயே அங்கே பாதை இருந்தது என்பதற்கு அந்தக் கோடு வலுவான சாட்சி. அது மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வகையில் படத்தில் ஒன்றும் இருக்காது. ஊரார் நடந்த வழக்கம் மட்டுமே இருக்கும்.

முதல் வகையில் தாசில்தாருக்கு மனு கொடுத்து, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கேளுங்கள். 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு என்பது வரிசை. நோட்டீஸில் புல எண், உட்பிரிவு, எத்தனை சதுர மீட்டர், எந்தப் பக்கம் என்பது வரைபடத்தோடு இருக்கவேண்டும். இவை இல்லாமல் அவசரத்தில் வேலியைப் பிடுங்கினால், நோட்டீஸ் குறைபாட்டைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்குவது சுலபம். கோப்பு திரும்பி முதல் படிக்கு வரும். ஆகவே நோட்டீஸ் போகும் முன்பே சர்வேயர் அளந்து, மூன்று புலங்கள் சேரும் இடத்துக் கற்களிலிருந்து அளவு எடுத்து, அறிக்கையில் வேலியின் நீளத்தை எழுதச் செய்யுங்கள். அந்தக் கற்கள் காணாமல் போயிருந்தால் அதைத் தனி மனுவாகக் கொடுத்து முதலில் நடச் சொல்லுங்கள். அடைபட்டது ஏரியோ வரத்துக் கால்வாயோ என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கும். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கவேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை மனுவில் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

நெடுநாள் புழக்கத்தில் இருந்த பொதுப்பாதை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவிலும் மனு செய்யலாம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 133 என்று எல்லாருக்கும் பழக்கமான பிரிவு இதுதான். இது வேகமான வழி. ஆனால் எதிராளி ‘இது பொதுப்பாதையே இல்லை’ என்று நம்பத்தகுந்த ஆதாரம் காட்டினால், சிவில் நீதிமன்றம் முடிவு செய்யும் வரை ஆர்.டி.ஓ. நிறுத்தி வைத்தாக வேண்டும். எனவே முதல் வகைக்கு இது நன்றாக வேலை செய்யும், இரண்டாவதுக்குச் சில நேரம், மூன்றாவதுக்கு அரிதாக. மூன்றாவது வகையில் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுதான் கதி: 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் உரிமையாகவும் தடையின்றியும் நடந்திருக்க வேண்டும். அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிவதாகவும் இருக்கவேண்டும். அதாவது வேலி போட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் சும்மா இருந்துவிட்டால் இந்தப் பிரிவு கை நழுவிவிடும். உங்கள் கேள்வியில் வேலி எப்போது வந்தது என்று இல்லை. அந்தத் தேதியைத்தான் முதலில் எழுதி வைக்கவேண்டும். மலையடிவாரத்துக்குப் போகும் பாதை காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் இவை எதுவும் பொருந்தாது. வனத்துறையின் அனுமதி தனி.

பாதை திறந்த பிறகு மறுபடி அடைபடுவது சகஜம். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: திறந்ததோடு விட்டுவிடுவார்கள். அளந்த அன்றே திருப்பங்களிலும், நேர்ப்பகுதியில் 30 மீட்டருக்கு ஒன்றாகவும் கல் நட்டுவிடுங்கள். அடுத்த வாரமே கிராவல் இறக்குங்கள். 15 சென்டிமீட்டர் பரப்பித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் 10 சென்டிமீட்டரில் இறுகும். 3 மீட்டர் அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் டயர்த் தடத்தில் தண்ணீர் நின்று, அடுத்த பங்குனிக்குள் பாதை வாய்க்காலாகிவிடும்.

வாய்க்காலைப் பாதை கடக்கும் இடத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. செலவைக் குறைக்க 300 மில்லிமீட்டர் ஹியூம் பைப் போடுவார்கள். ஒரு மழையில் சருகும் பாலித்தீனும் அடைத்துக்கொள்ளும், உள்ளே ஆள் கைவிட்டுத் தூர் எடுக்கவும் முடியாது. 600 மில்லிமீட்டருக்குக் குறையாத பைப் போடுங்கள். டிராக்டர் பாரம் தாங்க அதன் மேல் அரை மீட்டராவது மண் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் பைப்பின் அடிமட்டம். வாய்க்காலின் உண்மையான அடிமட்டம் தூருக்கு அடியில் இருக்கிறது. தூர் எடுக்காமல் அதன் மேலேயே பைப்பை வைத்துவிட்டால், அது மதகிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒரு தடுப்பணைபோல நிற்கும். ஒரு சாண் உயர்ந்தாலே கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் ஏறாது. பைப் இறக்கும் நாளில் மதகுக்கும் கடைமடைக்கும் இடையே டியூப் மட்டம் பிடித்துப் பார்க்க நீர்கட்டியையும் (ஏரித் தண்ணீரைப் பிரித்து விடுபவர்) ஒரு கடைமடை விவசாயியையும் கட்டாயம் கூப்பிடுங்கள். ஒப்பந்ததாரர் மட்டும் இருந்தால் வசதியான மட்டத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஏரிக்கரை மேல் காலை நடைக்குப் பாதை கேட்கும் ஊர்கள் அதிகமாகிவருகின்றன. தாராளமாக நடக்கலாம், ஆனால் கரை என்பது தண்ணீரைத் தாங்கும் கட்டுமானம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துடையது. யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கரையின் உச்சியில் கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ போட விடாதீர்கள். எலி வளையும் நண்டு வளையும் வெடிப்பும் மண்ணில் தெரியும், கான்கிரீட்டுக்கு அடியில் தெரியாது. ஏரி நிரம்பிக் கோடி போகும் நாளில்தான் கசிவு வெளியே வரும். இறுகிய கிராவல் போதும். இரண்டு முனையிலும் ஆள் நுழையும் அளவுக்குக் கல் தூண் நட்டால் டிப்பரும் காரும் மேலே ஏறாது.

பூங்காவுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகளைக் கழித்த பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் ஒதுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டவும் வழி உண்டு. 5 ஏக்கர் மனைப்பிரிவு என்றால் சுமார் 20,200 சதுர மீட்டர். சாலை 5,200 போனால் மீதி 15,000. அதில் பத்தில் ஒன்று 1,500 சதுர மீட்டர், அதாவது 37 சென்ட். உங்கள் ஊர் மனைப்பிரிவுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, தரையில் அளந்து ஒப்பிடுங்கள். அது 2019க்கு முந்தையது என்றால் அதன் அனுமதி வரைபடத்தில் எழுதியிருக்கும் பரப்பே அளவுகோல்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. தானப்பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மாற்றப்பட்டிருக்காது. அ-பதிவேட்டில் இன்னும் பழைய உரிமையாளர் பெயரே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அவருடைய வாரிசுகள் சிட்டாவைக் காட்டி அந்த இடத்தை விற்றுவிடுவார்கள். எனவே பூங்கா இடத்தின் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தானப்பத்திர எண்ணை எடுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலும் டிடிசிபியிலும் மனைப்பிரிவு அனுமதி, வரைபடம், தானப்பத்திர நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். பிறகு ஊராட்சி பெயரில் உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனு கொடுக்கவேண்டும். இது முடியும் முன் பூங்காவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இனி வரும் மனைப்பிரிவுகளில், டிடிசிபியின் தொழில்நுட்ப அனுமதிக்குப் பிறகு இறுதி ஒப்புதல் ஊராட்சியிடம்தான் வரும். வாய்க்கால் புறம்போக்கைப் பூங்காவாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா, மழைநீர் தேங்கும் மூலைக் குழியைத் தள்ளிவிட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் நேரம் அதுதான்.

இடம் கைக்கு வந்தபின் சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து தழைத்துவிடும். ஜேசிபி வைத்து வேரோடு எடுங்கள். மண்ணில் விதை இருக்கும். அடுத்த இரண்டு மழைக்காலமும் முளைத்ததைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்பும் என்பதால் வேலி அவசியம். மதிற்சுவரைவிடச் செயின்லிங்க் வேலி மலிவு, உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெருவிலிருந்து தெரியும். புல்தரை வேண்டவே வேண்டாம். 500 சதுர மீட்டர் புல்லுக்கு நம் சித்திரை வெயிலில் நாளைக்கு 2,500 லிட்டர் தண்ணீராவது ஆகும். பூங்கா முழுக்க 30 மரக்கன்றுக்கு, வாரம் இருமுறை கன்றுக்கு 20 லிட்டர் என்று ஊற்றினால் வாரத்துக்கே 1,200 லிட்டர்தான். புங்கன், வேம்பு, மகிழம், நாவல், பூவரசு நம் மண்ணுக்குத் தாங்கும். புங்கனை ஆடு அவ்வளவாகத் தொடாது. 60 சென்டிமீட்டர் நீள அகல ஆழக் குழி, 6 மீட்டர் இடைவெளி, ஐந்தடிக் கன்று. ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையிலேயே வேர் பிடித்துக்கொள்ளும். ஜூன் 5ஆம் தேதி சுற்றுச்சூழல் நாளுக்காக வெயிலில் நட்ட கன்றுகள்தான் அதிகம் சாகின்றன. முதல் இரண்டு கோடையைத் தாண்டினால் தண்ணீர் தேவைப்படாது. பேவர் பிளாக் நடைபாதை போட்டால் ஓரக்கல் இல்லாமல் போட விடாதீர்கள். ஓரம் பிடிக்காவிட்டால் அடியில் இருக்கும் மணல் நகர்ந்து, ஒரு வருடத்தில் வரிசை கலைந்துவிடும்.

பூங்கா கட்டப் பணம் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது என்பதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். 2026 மார்ச் வரைக்கான 15ஆவது நிதிக் குழு மானியத்திலேயே 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுண்டிருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் பங்களிப்பு வேண்டும். வேலி, குழாய் போன்ற ஒருமுறைச் செலவுக்கு அது பொருந்தும். குழி வெட்டுவது, வாய்க்கால் தூர் எடுப்பது போன்றவற்றை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். தண்ணீர் ஊற்றவும் பூட்டித் திறக்கவும் ஒருவருக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை ஊராட்சியின் சொந்த வருவாயிலிருந்தோ மனைப்பிரிவில் குடியிருப்போர் பங்கிலிருந்தோதான் வந்தாக வேண்டும். அதற்கு வழி தெரியாவிட்டால் மரமும் திண்ணையும் மட்டும் உள்ள பூங்காவாக வையுங்கள். கழிப்பறையும் நீரூற்றும் விளையாட்டு இரும்புச் சாமான்களும் ஆளில்லாமல் ஓராண்டு தாங்காது.

தீர்மானம் எழுதும் விதமும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைகளில் மார்ச் 22 தண்ணீர் நாள் என்பதால் வாய்க்காலுக்கும், அக்டோபர் 2 அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்துக்கும் பொருத்தம். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வருகை வேண்டும். கையெழுத்து குறைந்தால் தீர்மானத்தைத் தள்ளுவது எளிது. ‘விவசாயத்தைக் காப்போம்’ என்று எழுதாதீர்கள். ஊராட்சிச் சட்டத்தின் 125ஆம் பிரிவுப்படி ஊராட்சிச் சாலைகள் ஊராட்சியின் பொறுப்பு, 131ஆம் பிரிவு அவற்றில் தடை ஏற்படுத்துவதைத் தடுக்கிறது என்பதைச் சொல்லி, ‘புல எண் இன்னது, வண்டிப்பாதை, பரப்பு இவ்வளவு; இதை அளந்து கல் நட தாசில்தாரைக் கேட்டுக்கொள்கிறது’ என்று ஒரு சொத்துக்கு ஒரு தீர்மானமாக எழுதுங்கள். வாய்க்கால், பாதை, பூங்கா மூன்றுக்கும் மூன்று தீர்மானம். நகலை வாங்கி, அதையே இணைத்து மே, ஜூனில் நடக்கும் ஜமாபந்தியில் (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) மனு கொடுங்கள். ஊர்க் கணக்குகள் மேசையில் திறந்திருக்கும் நாள் அது, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சர்வேயர் மூவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

எண்ணோடு போன மனுவுக்கு உள்ள வலுவுக்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரை கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டியது.

நான் சொன்னதெல்லாம் ஆவணத்தைப் பார்க்காமல் சொன்னது. பாதை மேலே சொன்ன மூன்று வகையில் எதில் விழுகிறது என்று தெரிந்தால் அடுத்த படியை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும். அந்த இடத்தின் புலப்படம், அ-பதிவேட்டுப் பக்கம், வேலி போட்ட மாதம் ஆகிய மூன்றையும் இங்கே கீழே போடுங்கள். பட்டாதாரர் பெயரையும் ஊர்ப் பெயரையும் மறைத்துவிடுங்கள். புல எண் மட்டும் தெரிந்தால் போதும்.